ரன்னிங் பேக் எங்கே நிற்கிறார்? பந்து அசைவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்த புதிதில் நான் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். ஸ்னாப் ஆகும் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது), 22 பேரும் மோதிக்கொள்வார்கள், கண் பந்தைத் தேடும். கண்டுபிடிப்பதற்குள், பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவரான ரன்னிங் பேக் மூன்றாவது யார்டில் நாலு பேருக்கு அடியில் கிடப்பார். சில சமயம் அதே ஆள் அதே மாதிரி ஓடி 30 யார்டு போய்விடுவார். அது ஏன் மாட்டியது, இது ஏன் போனது என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஒரு சீசன் இப்படியே போனது. அப்புறம் பந்தை விட்டுவிட்டு, ஸ்னாப்புக்கு முன்னால் ரன்னிங் பேக் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்க்கத் தொடங்கினேன். எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம், யாருக்குப் பின்னால். அப்போதுதான் ஆட்டம் பிடிபட ஆரம்பித்தது.

இந்தக் கட்டுரை அதே வழியில் போகிறது. நாலு முயற்சியில் (ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன்) 10 யார்டு எடுக்க வேண்டும் என்ற அளவுக்கு விதி தெரிந்தால் போதும். பதிவு செய்த ஓர் ஆட்டம், நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஒரு ரிமோட், பழைய நோட்டு ஒன்று இருந்தால் நல்லது.

முதலில் தரையை அளந்துகொள்வோம்

மைதானம் 100 யார்டு நீளம். இரு முனையிலும் 10 யார்டு எண்ட் ஜோன். ஒரு யார்டு ஏறக்குறைய 91 செ.மீ. ஐந்து யார்டுக்கு ஒரு முழுக்கோடு இருக்கும். நடுவே ஒவ்வொரு யார்டுக்கும் சின்னக் கீறல் போட்டிருப்பார்கள். அந்தக் கீறல்கள்தான் நம் அளவுகோல்.

பந்து வைத்திருக்கும் இடம் ஸ்கிரிமேஜ் கோடு. டிவியில் பெரும்பாலும் அதை நீலக்கோடாக வரைந்து காட்டுவார்கள். மஞ்சள் கோடு என்பது மறுபடி முதல் டவுன் கிடைக்கப் போய்ச் சேர வேண்டிய இடம். நமக்கு இப்போதைக்கு நீலக்கோடு போதும்.

தாக்கும் அணியில் குறைந்தது 7 பேர் அந்தக் கோட்டின் மேல் நிற்க வேண்டும் என்பது விதி. மீதி 4 பேர் வரை பின்னால் நிற்கலாம். அந்த இடம்தான் பேக்ஃபீல்டு, பின்களம். பந்தை முதலில் வாங்கி, வீசவோ ஓட்டக்காரரிடம் கொடுக்கவோ செய்யும் குவாட்டர்பேக் அதில் ஒருவர். கோட்டின் நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கடுத்து டாக்கிள் என 5 பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். சுவரின் ஓரத்தில் ஒட்டி ஒரு டைட் எண்ட் நிற்பது வழக்கம். ரன்னிங் பேக்கின் வேலை இவர்களுக்கு இடையே திறக்கும் சந்தில் நுழைவது. சந்து எப்போதும் ஒரே இடத்தில் திறக்காது, திறந்தாலும் அதிக நேரம் இருக்காது. அந்த நேரத்துக்குச் சரியாக அவர் அங்கே இருக்க வேண்டும். நிற்கும் இடத்தைப் பற்றிய பேச்செல்லாம் இதற்காகத்தான்.

படி 1: குவாட்டர்பேக்கின் கை எங்கே?

ரன்னிங் பேக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு குவாட்டர்பேக்கில் தொடங்குகிறேனே என்று நினைக்க வேண்டாம். அவர் நிற்பதைப் பொறுத்துத்தான் இவர் நிற்க முடியும்.

சென்டரின் முதுகோடு ஒட்டி நின்று, கையை நீட்டிப் பந்தை நேரடியாக வாங்கினால் அது அண்டர் சென்டர். சுமார் 5 யார்டு பின்னால் நின்று, காற்றில் வரும் பந்தைப் பிடித்தால் ஷாட்கன். இரண்டுக்கும் நடுவே சுமார் 4 யார்டில் அவர் நிற்க, அவருக்கு நேர் பின்னால் 3 யார்டு தள்ளி ரன்னிங் பேக் நின்றால் பிஸ்டல். துப்பாக்கி சிறியது, தூரமும் குறைவு. பெயரை அப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஷாட்கன்னை 1960இல் சான் பிரான்சிஸ்கோ 49எர்ஸ் பயிற்சியாளர் ரெட் ஹிக்கி கொண்டுவந்தார். கொஞ்ச நாளில் அது மங்கிப்போக, 1975இல் டல்லஸ் கௌபாய்ஸின் டாம் லாண்ட்ரி தூசி தட்டி எடுத்தார். அப்போதெல்லாம் அது பெரும்பாலும் பந்தை வீசுவதற்கான அமைப்பாகவே கருதப்பட்டது. அங்கிருந்து ஓடிச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் பிற்பாடுதான் பரவியது. அந்தக் கதை நாலாம் படியில்.

படி 2: ஆழத்தை எண்ணுங்கள்

நீலக்கோட்டிலிருந்து பின்னோக்கிக் கீறல்களை எண்ணுங்கள். அண்டர் சென்டர் என்றால் ரன்னிங் பேக் பொதுவாக 7 யார்டில் நிற்பார். அரை யார்டு முன்பின் இருக்கலாம்.

இந்த 7 யார்டு என்ன தருகிறது? கிரிக்கெட் பார்க்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். வேகப்பந்து வீச்சாளர் எல்லைக்கோட்டுப் பக்கம் நடந்துபோய் அங்கிருந்து ஓடி வருகிறாரே, அதே சங்கதி. ஸ்னாப் ஆனதும் குவாட்டர்பேக் திரும்பிப் பின்னால் வருகிறார், ரன்னிங் பேக் முன்னால் வருகிறார், இருவரும் நடுவில் எங்கோ சந்திக்கிறார்கள். பந்து கைக்கு வரும்போது அவர் ஏற்கெனவே இரண்டு மூன்று எட்டு ஓடி வேகம் பிடித்திருப்பார். தோள் இரண்டும் எதிர்க்கோட்டுக்கு நேராக இருக்கும். இடமோ வலமோ எந்தச் சந்திலும் அவரால் திரும்ப முடியும்.

வேகத்தைவிடப் பெரிய லாபம் பார்வை என்பது என் கட்சி. 7 யார்டு பின்னால் நிற்பவருக்கு முன்வரிசை முழுவதும் ஒரே சட்டத்துக்குள் தெரியும். எந்தத் தடுப்பு வென்றது, எது சரிந்தது என்று ஓடிக்கொண்டே பார்த்து, ஒரே வெட்டில் திசை மாற்றலாம். டென்வர் பிராங்கோஸ் அணியில் மைக் ஷானஹனும் முன்வரிசைப் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸும் இதையே ஒரு கொள்கையாக வைத்திருந்தார்கள். முன்வரிசை முழுவதும் ஒரே பக்கமாக நகரும். ரன்னிங் பேக் அதோடு சேர்ந்து சாய்ந்து ஓடி, ஒருமுறை காலை ஊன்றி வெட்டி மேலே ஏறுவார். அதிகமாக ஆடக் கூடாது, ஒரே வெட்டுதான். டெரல் டேவிஸ் 1998இல் இப்படி ஓடி 2,008 யார்டு எடுத்தார்.

ரன்னிங் பேக்குக்கு முன்னால், 4, 5 யார்டில் இன்னொருவர் குனிந்து நின்றால் அவர் ஃபுல்பேக். குவாட்டர்பேக், ஃபுல்பேக், ரன்னிங் பேக் மூவரும் ஒரே நேர்கோட்டில் நிற்பதுதான் ஐ ஃபார்மேஷன். மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து ஐ போலத் தெரியும். ஃபுல்பேக் முதலில் சந்துக்குள் போய், அங்கே நிற்கும் லைன்பேக்கரை, அதாவது எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவரை, முட்டித் தள்ளுவார். பின்னால் வருபவர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். ரன்னிங் பேக் எம்மிட் ஸ்மித்தின் 18,355 யார்டு என்ற வாழ்நாள் சாதனையில் பெரும்பங்கு டேரில் ஜான்ஸ்டன் என்ற ஃபுல்பேக்கின் முதுகுக்குப் பின்னால் ஓடியது. ஜான்ஸ்டன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கொஞ்சம்தான். அந்த வேலை அப்படி.

இந்த அமைப்பு வேலை செய்வதை ஒரே காட்சியில் பார்க்க வேண்டும் என்றால் 1983 ஜனவரி 30ஆம் தேதி நடந்த சூப்பர் பௌலை (என்எஃப்எல்லின் இறுதி ஆட்டம்) தேடிப் பாருங்கள். நாலாவது முயற்சி, ஒரு யார்டு தேவை, வாஷிங்டன் மயாமியைவிடப் பின்தங்கியிருக்கிறது. வாஷிங்டனின் ரன்னிங் பேக் ஜான் ரிகின்ஸ் பின்னால் ஆழத்தில் நிற்கிறார். முன்வரிசை நெருக்கமாக அடைந்து நிற்கிறது. ஒரு டைட் எண்ட் நகரத் தொடங்கி, சட்டென்று வந்த வழியே திரும்புகிறார். அவரைப் பின்தொடர்ந்த மயாமி வீரர் டான் மெக்நீல் திரும்பும்போது கால் வழுக்கி, எழுந்து வந்து ரிகின்ஸின் சட்டையைப் பிடிக்கிறார். 7 யார்டு ஓடி வந்த வேகத்தில் இருக்கும் ஒரு பெரிய உடம்பைச் சட்டையைப் பிடித்தா நிறுத்த முடியும்? 43 யார்டு, எண்ட் ஜோனுக்குள் போய் டச் டவுன்.

அடுத்து நஷ்டக் கணக்கு. ஆழம் என்றால் பந்து சந்துக்குப் போய்ச் சேர நேரமாகும். அந்த நேரம் எதிரணிக்கும் கிடைக்கிறது. முன்வரிசையில் ஒருவர் தோற்றுவிட்டால், எதிரணிக்காரர் உள்ளே வந்து ரன்னிங் பேக்கை 4 யார்டு பின்னாலேயே மடக்கிவிடுவார். அருகில் நின்றால் சந்துக்குள் சீக்கிரம் நுழையலாம், ஆனால் வேகமும் பார்வையும் குறைவு.

ஓரடி, ஈரடி இவ்வளவு முக்கியமா என்று சந்தேகம் வரலாம். டெக்சஸ் பல்கலைக்கழகம் 1968இல் விஷ்போன் என்ற புதிய அமைப்பைக் களமிறக்கியது. பின்களத்தில் குவாட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று ஓட்டக்காரர்கள். வடிவமைத்தவர் எமரி பெல்லார்டு. முதல் ஆட்டம் ஹூஸ்டனோடு 20-20 சமன், இரண்டாவது டெக்சஸ் டெக்கிடம் தோல்வி. அதன்பின் இரண்டு மாற்றம் செய்தார்கள்: குவாட்டர்பேக் இடத்துக்கு ஜேம்ஸ் ஸ்ட்ரீட் வந்தார், ஃபுல்பேக் ஸ்டீவ் வர்ஸ்டரைச் சற்றுப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். மிக நெருக்கமாக நின்றவர், குவாட்டர்பேக் எதிரணியைப் பார்த்து முடிவெடுப்பதற்குள் சந்தை முட்டிக்கொண்டிருந்தார். தள்ளி நின்றதும் இருவருடைய நேரமும் பொருந்தியது. அடுத்து வரிசையாக 30 வெற்றி. எல்லாம் அந்தச் சில அடியால் வந்தது என்று சொல்ல மாட்டேன். அந்த அடிகள் இல்லாமல் வந்திருக்காது என்று மட்டும் தோன்றுகிறது.

படி 3: எந்தப் பக்கம் நிற்கிறார்?

ஷாட்கன்னுக்கு வருவோம். இன்றைய ஆட்டங்களில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இதைத்தான். இங்கே ரன்னிங் பேக் குவாட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்பதில்லை, பக்கத்தில் நிற்கிறார். 5 யார்டில், கார்டுக்கோ டாக்கிளுக்கோ பின்னால்.

குவாட்டர்பேக்குக்கு இடப்பக்கம் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பந்து வந்ததும் குவாட்டர்பேக்கின் வயிற்றுக்கு முன்னால் குறுக்கே கடந்து, பந்தை வாங்கிக்கொண்டு வலப்பக்கம் போவார். முதல் எட்டு பக்கவாட்டில்; பந்து வாங்கும்போது அவர் கிட்டத்தட்ட நின்ற நிலையில்தான் இருக்கிறார். வேகத்தை அதற்கப்புறம்தான் பிடிக்க வேண்டும். வேகப்பந்து வீச்சாளரை இரண்டே எட்டில் பந்து போடச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி. சில பேருக்கு அது ஒத்துவராது. அட்ரியன் பீட்டர்சன் 2012இல் 2,097 யார்டு ஓடி எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க வீரர்) ஆனவர். ஷாட்கன்னைவிடப் பின்னால் ஆழத்தில் நின்று ஓடுவதே தனக்குப் பிடிக்கும் என்பதை மறைக்காமல் பேசியவர்.

இரண்டாவது சிக்கல், திசை காட்டிக்கொடுக்கப்படுகிறது. இடப்பக்கம் நிற்பவர் பெரும்பாலும் வலப்பக்கம்தான் போவார் என்பது எதிரணி லைன்பேக்கருக்கும் தெரியும். ஸ்னாப்புக்கு முன்பே அவர் அரை எட்டு வலப்பக்கம் சாய்ந்து நிற்பார். நிறுத்திவைத்துப் பாருங்கள், உண்மையிலேயே சாய்வார்கள்.

இதற்கு அணிகள் செய்யும் மாற்று வேலைகள் ரசிக்கத்தக்கவை. நின்ற பக்கமே ஓடுவது ஒன்று. வலப்பக்கம் போவதுபோல ஒரு பொய் எட்டு வைத்து, லைன்பேக்கர் நகர்ந்ததும் இடப்பக்கமே திரும்புவார்கள். இன்னொன்று, குவாட்டர்பேக்கின் குதிகாலுக்கு அரை யார்டோ ஒரு யார்டோ பின்னால் தள்ளி நிற்பது. அந்தச் சின்னத் தள்ளல், பக்கவாட்டில் போகாமல் கொஞ்சம் முன்னோக்கி வர வழி செய்கிறது. இரு பக்கமும் போகும் வாய்ப்பும் திரும்பக் கிடைக்கிறது. மூன்றாவது, கடைசி நேரத்தில் பக்கம் மாறுவது. மாறிய பிறகு ஒரு முழு நொடி அசையாமல் நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் தவறு என்று நடுவரின் கொடி விழும். அந்த ஒரு நொடியில் எதிரணி தன் ஏற்பாட்டை மாற்ற முடியாமல் கத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

இங்கே டைட் எண்ட் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ரன்னிங் பேக் டைட் எண்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றால், அவர் கடந்து போகும் பக்கத்தில் தடுக்க ஓர் ஆள் கூடுதலாக இருப்பார். டைட் எண்ட் பக்கமே நின்றால், ஓட்டம் ஆள் குறைந்த பக்கம் போகும். அந்தப் பக்கம் எதிரணியும் குறைவாகத்தான் இருக்கும். எது மேல் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நீங்கள் பார்க்கும் அணி எதை விரும்புகிறது என்று இரண்டு ஆட்டத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் எல்லாரும் ஷாட்கன்னில் நிற்கிறார்கள்? ஒரு காரணம் பந்து வீசுவது. குவாட்டர்பேக்குக்கு எதிரணி முழுவதும் தெரியும். பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக் பாய்ந்து வருபவரைத் தடுக்கவும் செய்யலாம், சட்டென்று வெளியே ஓடிப் பந்தை வாங்கவும் செய்யலாம். இன்னொரு காரணம் ஓட்டத்துக்கே உரியது.

படி 4: குவாட்டர்பேக் ஓடக்கூடியவரா?

இது எளிய கூட்டல் கழித்தல். அண்டர் சென்டரில் நின்று பந்தைக் கொடுத்துவிட்ட குவாட்டர்பேக் அதற்குமேல் வேடிக்கை பார்ப்பவர்தான். பந்து வைத்திருப்பவர் ஒருவர், தடுக்க 9 பேர். எதிரே 11 பேர். கணக்கு எப்போதும் இடிக்கும்.

1990களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தவர் ரிச் ராட்ரிகஸ். ஷாட்கன்னில் நின்று, எதிரணியின் ஓர ஆளை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விடுவது அவருடைய யுக்தி. குவாட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்தபடியே அந்த ஓர ஆளைப் பார்ப்பார். அவர் ரன்னிங் பேக்கைத் துரத்தி உள்ளே வந்தால், பந்தை உருவிக்கொண்டு காலியான பக்கம் ஓடுவார். அவர் அங்கேயே நின்றால், பந்தை ரன்னிங் பேக்கிடமே விட்டுவிடுவார். ஓர் ஆளையும் முட்டாமல் ஓர் ஆளைக் களத்திலிருந்து கழித்தாகிவிட்டது. இதற்கு ஜோன் ரீட் என்று பெயர்.

இப்போது திசை தெரிந்துவிடும் என்ற குறை பாதியாகிவிடுகிறது. ரன்னிங் பேக் வலம் போவார் என்று தெரிந்தாலும், குவாட்டர்பேக் இடம் போகலாம். லைன்பேக்கர் ஒரு நொடி தயங்குவார். ரன்னிங் பேக்குக்கு வேண்டியது அந்தத் தயக்கம்தான்.

2024 சீசனில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் சேக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடியதை இந்தக் கண்ணோடு பாருங்கள். பெரும்பாலும் ஷாட்கன், பக்கத்தில் நிற்பவர் ஜேலன் ஹர்ட்ஸ், ஓடத் தெரிந்த குவாட்டர்பேக், முன்னால் லீக்கின் தலைசிறந்த முன்வரிசைகளில் ஒன்று. இன்னொரு பக்கம் எரிக் டிக்கர்சன், 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸுக்காக 2,105 யார்டு, இன்றுவரை ஒரு சீசனின் சாதனை. குவாட்டர்பேக் சென்டரை ஒட்டி நிற்க, இவர் பின்னால் ஆழத்திலிருந்து நிமிர்ந்து ஓடி வருவார். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே 40 ஆண்டும் சரியாக 100 யார்டும். ஷாட்கன்னில் ஓட முடியாது என்று யாராவது சொன்னாலும், ஆழத்தில் நிற்பது பழங்கால வழக்கம் என்று யாராவது சொன்னாலும், இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

நடுவழி ஒன்று உண்டு: பிஸ்டல்

நெவாடா பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஆல்ட் 2005இல் பிஸ்டலைக் கொண்டுவந்தபோது அவர் கேட்டது இரண்டும் வேண்டும் என்பதைத்தான். குவாட்டர்பேக் சற்றுப் பின்னால் நின்று எதிரணியைப் பார்க்க வேண்டும், ரன்னிங் பேக்குக்கு நேராக ஓடி வரும் வழியும் வேண்டும். ரன்னிங் பேக் நேர் பின்னால் நிற்பதால் இடமா வலமா என்று யாருக்கும் தெரியாது. போதாததற்கு, குவாட்டர்பேக்கின் உடம்பு அவரை மறைக்கிறது. லைன்பேக்கருக்கு முதல் எட்டு கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். 2009இல் நெவாடாவில் மூன்று பேர் ஒரே சீசனில் தலா 1,000 யார்டைத் தாண்டினார்கள். அதில் ஒருவர் குவாட்டர்பேக், பெயர் காலின் கேப்பர்னிக்.

அந்தக் கேப்பர்னிக் 49எர்ஸுக்குப் போனார். 2013 ஜனவரியில் கிரீன் பே பேக்கர்ஸை எதிர்த்த பிளே ஆஃப் ஆட்டத்தில் 181 யார்டு ஓடினார். அப்போது அங்கே தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் கிரெக் ரோமன். அவர் பின்னர் பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போய், 2019இல் குவாட்டர்பேக் லாமார் ஜாக்சனோடு பிஸ்டலைத் தாராளமாகப் பயன்படுத்தினார். அந்த ஆண்டு ரேவன்ஸ் மொத்தமாக ஓடியது 3,296 யார்டு, என்எஃப்எல் சாதனை. ஜாக்சன் மட்டும் 1,206. ரன்னிங் பேக் மார்க் இங்ரம் 1,018.

குறை என்ன என்றால், நேர் பின்னால் நிற்பவர் வீச்சுப் பந்துக்கு ஓட வேண்டுமென்றால் குவாட்டர்பேக்கைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். குவாட்டர்பேக்கின் முதுகு எதிரணிக்கு இவரை மறைப்பது போல, இவருக்கும் முன்னால் நடப்பதைக் கொஞ்சம் மறைக்கும்.

படி 5: பாக்ஸில் எத்தனை பேர்?

இதுவரை சொன்னதையெல்லாம் வைத்துக்கொண்டு முடிவுக்கு ஓடிவிடாதீர்கள். நானும் ஓடினேன். ஷாட்கன் ஓட்டங்களின் சராசரி யார்டு அதிகம் என்பதைப் பார்த்துவிட்டு, அப்படியானால் அதுதான் உயர்ந்தது என்று நண்பர்களிடம் வாதாடிக்கொண்டிருந்தேன்.

சராசரி அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு யார்டு தேவைப்படும்போது அணிகள் வழக்கமாக அண்டர் சென்டருக்குப் போய்விடும். அங்கே 2 யார்டு ஓடினால் வெற்றி, ஆனால் சராசரியைக் கீழே இழுக்கும். மூன்றாவது முயற்சியில் 12 யார்டு வேண்டும் என்றால் ஷாட்கன். எதிரணி வீச்சுக்காகப் பின்வாங்கி நிற்கும், 7 யார்டை இலவசமாகக் கொடுக்கும். சராசரி ஏறும், பந்து மட்டும் அடுத்த அணியிடம் போய்விடும்.

எனவே ஸ்னாப்புக்கு முன் எதிரணியின் தலைகளை எண்ணுங்கள். முன்வரிசையின் இரு ஓரத்துக்கு உள்ளே, நீலக்கோட்டிலிருந்து சுமார் 5 யார்டு வரை நிற்பவர்கள் எத்தனை பேர்? அதைத்தான் பாக்ஸ் என்பார்கள். முன்வரிசை 5, டைட் எண்ட் 1 என்றால் தடுக்க 6 பேர். பாக்ஸில் 6 பேர் இருந்தால் ஆளுக்கு ஆள் சரி. 7 என்றால் ஒருவர் மிச்சம். அவரை ரன்னிங் பேக் தானே ஏமாற்ற வேண்டும், அல்லது குவாட்டர்பேக் ஓடுவார் என்ற பயத்தால் நிறுத்திவைக்க வேண்டும். 8 என்றால் கடினம்தான்.

பாக்ஸில் எத்தனை பேர் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது குவாட்டர்பேக் நிற்கும் இடம் அல்ல, வெளியே பந்தைப் பிடிக்க எத்தனை ரிசீவர் என்பது. இதற்கு 2018 ராம்ஸைவிட நல்ல பாடம் கிடையாது. பயிற்சியாளர் ஷான் மெக்வே பெரும்பாலும் 3 ரிசீவர்களை இறக்கினார். அவர்களைக் காக்க எதிரணி ஆட்களை வெளியே அனுப்பியது, பாக்ஸ் மெலிந்தது. ஆனால் குவாட்டர்பேக்கை அண்டர் சென்டரில் நிறுத்தி, ரன்னிங் பேக் டாட் கர்லிக்கு முழு ஓட்டதூரத்தையும் கொடுத்தார். அந்த சீசனில் கர்லி 1,251 யார்டு, ஓட்டத்தில் 17 டச் டவுன். பந்தைக் கொடுப்பதுபோல முதுகைத் திருப்பி நடித்துவிட்டு வீசுவதற்கும் அண்டர் சென்டர்தான் வசதி, ஏனென்றால் பந்து எதிரணியின் கண்ணுக்கே தெரியாது.

படி 6: நோட்டை எடுங்கள்

ஓர் ஆட்டத்தில் ஓர் அணியின் 20 ஓட்டங்கள் போதும். ஒவ்வொன்றையும் ஸ்னாப்புக்கு முன் நிறுத்தி இவற்றைக் குறியுங்கள்:

- எத்தனையாவது டவுன், எத்தனை யார்டு தேவை
- அண்டர் சென்டர், ஷாட்கன், பிஸ்டல்: அ, ஷா, பி
- ரன்னிங் பேக் எத்தனை யார்டு ஆழம், எந்தப் பக்கம். டைட் எண்ட் எந்தப் பக்கம்
- பாக்ஸில் எத்தனை பேர்
- ஓட்டம் எந்தப் பக்கம் போனது, எத்தனை யார்டு

என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "2, 6 தேவை, ஷா, 5, இடம், டைட் எண்ட் வலம், பாக்ஸ் 6, வலம், 4."

இந்த 4 யார்டு நல்லதா கெட்டதா? பரவலாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு: முதல் டவுனில் தேவையில் 40 சதவீதம், இரண்டாவதில் 60 சதவீதம், மூன்றாவது நாலாவதில் முழுவதும் எடுத்தால் வெற்றி. 6 தேவைப்படும்போது 60 சதவீதம் என்றால் 3.6. எடுத்தது 4; வெற்றி. பக்கத்தில் ஒரு டிக் போடுங்கள். சராசரியைவிட இந்த டிக்குகள் நேர்மையானவை.

20 வரி முடிந்ததும் இரண்டே கேள்வி. ரன்னிங் பேக் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமே எத்தனை தடவை போனது? டிக் விழுந்த வரிகளில் பாக்ஸ் எவ்வளவு? இந்த இரண்டுக்கும் விடை வந்துவிட்டால், அடுத்த ஆட்டத்தில் ஸ்னாப்புக்கு முன்பே "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பத்தில் ஆறேழு சரியாக வந்தால் மகிழ்ச்சி. பத்துக்குப் பத்தும் வந்தால் அந்த அணியின் பயிற்சியாளர் கவலைப்பட வேண்டும்.

ஆடப்போகிறவர்களுக்குக் கொஞ்சம்

மைதானத்தில் இறங்கி ரன்னிங் பேக் ஆகப் பழகுகிறவர் என்றால் 5 யார்டிலும் 7 யார்டிலும் ஒரு கோன் வையுங்கள். இரண்டிலிருந்தும் ஒரே சந்துக்குள் பத்துப் பத்துத் தடவை ஓடுங்கள். எதில் சந்தைத் தெளிவாகப் பார்க்கிறீர்கள், எதில் பார்ப்பதற்குள் முட்டிக்கொள்கிறீர்கள் என்று உடம்பே சொல்லும். நின்று பார்த்துப் போகிறவருக்கு 5 ஒத்துவரலாம். கனமான உடம்புக்கு 7 வேண்டியிருக்கும். 112 கிலோ எடையுள்ள டெரிக் ஹென்றிக்கு வேகம் பிடிக்க இடம் வேண்டும். பிடித்துவிட்டால் அப்புறம் எதிரில் நிற்பவர் பாடு.

நிற்கும்போது கை தொடைமேல் லேசாக, எடை இரு காலிலும் சமமாக. போகப்போகும் பக்கம் சாயாதீர்கள், அந்தச் சந்தை உற்றுப் பார்க்காதீர்கள். எல்லாப் பிளேக்கும் கண் ஒரே இடத்தில் இருக்கட்டும். பந்து வாங்கும்போது குவாட்டர்பேக் பக்கத்துக் கையின் முழங்கை மேலே, மறு கை கீழே. வயிறு ஒரு பை மாதிரி திறந்திருக்க வேண்டும். ஜோன் ரீட் பழகும்போது அவசரப்பட்டுப் பந்தை இறுக்கிப் பிடிக்காதீர்கள். குவாட்டர்பேக் அதை உருவ நினைக்கலாம். இருவரும் இழுத்தால் பந்து தரையில்தான் கிடக்கும்.

பயிற்சியின்போது யாரையாவது லைன்பேக்கர் இடத்தில் நிறுத்தி, ஸ்னாப்புக்கு முன் உங்கள் திசையைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் அடிக்கடி சரியாகச் சொன்னால், எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். பாதமா, தோளா, நிற்கும் இடமா என்று அவரே காட்டிக்கொடுத்துவிடுவார்.